வினாக்கொத்தோடு வந்து போனவர்களுக்குத் திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

கிழக்கு மாகாணப் பல்கலைக்கழகங்களின் மூதவையில் இருக்கிற பெரியவர்களுக்கும், பீடாதிபதிகளுக்கும், பாடம் எடுக்கிற சேர்மார் மிஸ்மாருக்கும்,

வணக்கம்.

நான் திருகோணமலையில் வெல்டிங் பட்டறை நடத்துகிறவன். கேற், ஜன்னல் கிறில், தண்ணீர்த் தாங்கி வைக்கிற ஸ்டாண்ட், இவைதான் சோறு போடுகிற வேலை. நடுவில் கடல் தொழில் செய்கிறவர்களுக்கு நங்கூரம், வள்ளத்தைக் கரையேற்றுகிற சில்லு வண்டி, எப்போதாவது யாருடைய சக்கர நாற்காலியையாவது திருத்திக் கொடுப்பது. பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனதில்லை, தொழில்நுட்பக் கல்லூரியோடு நின்றுவிட்டேன். ஆனால் உங்கள் பிள்ளைகளை எனக்கு நன்றாகத் தெரியும். புரொஜெக்ட் ஒப்படைக்கிற திகதிக்கு முதல் நாள் பின்னேரம் அவர்கள் ஓடிவருகிற இடம் பட்டறைதானே.

சமூகத்தின் சிக்கல்களைத் தீர்ப்பதில் பல்கலைக்கழகத்தின் பங்கு, வடிவமைப்பின் பங்கு என்று அடிக்கடி கூட்டம் வைக்கிறீர்கள், பதாகை கட்டுகிறீர்கள். வையுங்கள், நல்ல விஷயம். நான் மண்டபத்துக்கு வெளியே நிற்கிற ஆள் என்பதால் வெளியிலிருந்து தெரிவதைச் சொல்கிறேன், கோபிக்கவேண்டாம். நீங்கள் வருகிறீர்கள், கேட்கிறீர்கள், எழுதுகிறீர்கள், போய்விடுகிறீர்கள். ஒரு பொருளைச் செய்து, அதைப் பாவிக்கப்போகிறவர் கையில் கொடுத்து, பிழைத்தால் திரும்ப வந்து மாற்றி, மறுபடி கொடுத்து, இப்படி அது சரிவரும்வரைக்கும் கூட நிற்கிற வேலை உங்கள் பாடத்திட்டத்தில் இல்லை, இருந்தாலும் அதற்குப் புள்ளி இல்லை. வடிவமைப்பு என்று நான் நினைப்பது அந்த வேலையைத்தான். படம் கீறுவதெல்லாம் அதில் முதல் வாரம்.

இந்தக் கரையோரத்தில் வினாக்கொத்து நிரப்பாத வீடு இருக்கிறதா என்றே சந்தேகம். திருக்கடலூர், சல்லி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, அந்தப் பக்கம் கிண்ணியா, மூதூர் என்று எங்கே போனாலும் யாரோ ஒரு பிள்ளை ஒரு கட்டுக் கடதாசியோடு வந்து போயிருக்கிறது. மாத வருமானம் எவ்வளவு, எத்தனையாம் வகுப்பு வரைக்கும் படித்தீர்கள், பின்வரும் கூற்றுடன் மிகவும் உடன்படுகிறீர்களா, உடன்படுகிறீர்களா, நடுநிலையா. மீன் வெட்டிக்கொண்டிருக்கிற கையோடு அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறார், பிள்ளை பாவம், வெயிலில் நிற்கிறது என்று தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுக்கிறார். கடதாசி போய் ஆய்வேடு ஆகிறது, ஆய்வேடு நூலகத்தில் ஏறுகிறது, அதுவும் பெரும்பாலும் அந்த அம்மா வாசிக்க முடியாத ஆங்கிலத்தில். அடுத்த வருடம் இன்னொரு பிள்ளை அதே கேள்விகளோடு வந்து நிற்கிறது. "போன முறை வந்த தங்கச்சிக்கும் இதைத்தானே சொன்னேன், அது என்ன ஆச்சு?" என்று ஒருவர் கேட்டபோது வந்திருந்த மாணவருக்குப் பதில் தெரியவில்லை. அவர் மேல் குற்றம் சொல்ல ஏதும் இல்லை, அவருக்குக் கொடுத்த வேலை கேட்பது மட்டும்.

சரி, கேட்டுவிட்டு எதுவுமே செய்வதில்லை என்றும் சொல்லமுடியாது. சில வருடங்களுக்கு முன் ஒரு திட்டத்தில் கருவாடு போடுகிற பெண்களுக்குச் சூரிய உலர்த்தி கொடுத்தார்கள். யார் கொடுத்தது, எந்தப் பல்கலைக்கழகத்து ஆலோசனை என்பதெல்லாம் இங்கே வேண்டாம், பெயர் சொல்லி ஒருவரை வெட்கப்படுத்த நான் இதை எழுதவில்லை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு பெட்டி, உள்ளே தட்டுகள், மேலே வெளிச்சம் ஊடுருவுகிற தகடு, பக்கத்தில் காற்றுத் துளைகள். குத்துவிளக்கு ஏற்றிப் படம் எடுத்துக் கையளித்தார்கள். பிறகு நடந்ததைக் கேளுங்கள். ஏப்ரல் கழிந்து கச்சான் வீசுகிற மாதங்களில் இந்தக் கரையில் மீன் குவியும், மேற்குக் கரையிலிருந்துகூட ஆட்கள் வந்து வாடி போட்டுத் தொழில் செய்கிற காலம் அது. மீன் மலிந்து விலை விழுகிற அன்றைக்குத்தான் கருவாட்டுக்குப் போடுவார்கள், அன்றைக்கு நூற்றுக்கணக்கான கிலோ ஒரே நேரத்தில் வெட்டி உப்பில் கிடக்கும், பெட்டிக்குள் போவதோ ஒரு கூடை. சரி, அந்த ஒரு கூடையாவது நன்றாகக் காயுமா என்றால், உச்சி வெயிலில் பெட்டிக்குள் சூடு மிஞ்சினால் மீனின் மேல்பக்கம் சட்டென்று இறுகிவிடும், உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வர வழியில்லாமல் நின்றுவிடும், கையில் எடுத்தால் காய்ந்த மாதிரி இருக்கும், கொஞ்ச நாளில் நாறும். கீல், கொண்டி எல்லாம் சாதாரண இரும்பு, உப்புக் காற்றில் ஒரு மாரி தாங்கவில்லை. என்னிடம் கொண்டுவந்தார்கள், கீல் மாற்றிக் கொடுத்தேன். கடைசியில் அது கோழிக்கூடாகப் போனது. கோழிக்கூடு என்று பார்த்தால் அருமையான வடிவமைப்பு, காற்றோட்டத்துக்குக் குறைவே இல்லை.

அந்த உலர்த்தியை வரைந்தவர் விஷயம் தெரியாதவர் இல்லை. வெப்பம், காற்றோட்டம் எல்லாவற்றுக்கும் கணக்குப் பார்த்துத்தான் வரைந்திருப்பார். ஆனால் அவர் ஒரு நாள் விடியற்காலையில் கரைக்கு வந்து, மீன் இறங்குவதிலிருந்து கருவாடு சாக்கில் கட்டப்படுகிறவரைக்கும் கூட இருந்து பார்த்திருந்தால் பெட்டியை வரைந்திருக்கமாட்டார். அந்தப் பெண்களுக்குத் தேவைப்பட்டது பெட்டியே இல்லை. குனிந்து குனிந்து முதுகு போகிறது, மணல் ஒட்டுகிறது, நாய் வருகிறது, காகம் வருகிறது, திடீரென்று மழை இருண்டால் அவ்வளவையும் வாரி எடுக்க நேரம் இல்லை. இடுப்பளவு உயரத்தில் ஒரு தட்டி, மேலே இழுத்துக் கட்டிய பழைய வலை, மழைக்கு மூட ஒரு படங்கு, இரண்டு பெண்கள் தூக்கி இடம் மாற்றுகிற பாரம், இவ்வளவுதான் கேட்டார்கள். கால்களுக்கு அடியில் அகலத் தகடு வைத்து ஒட்டவேண்டும், இல்லாவிட்டால் ஈர மீனின் பாரத்தில் மணலுக்குள் இறங்கிவிடும் என்று எனக்குச் சொல்லித் தந்ததும் அவர்களில் ஒருவர்தான். அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். உங்கள் வினாக்கொத்தில் கல்வித் தகைமை என்ற இடத்தில் அவருக்குக் கோடு போட்டிருப்பார்கள்.

வினாக்கொத்தே கூடாது என்பது என் கட்சி இல்லை. மினெட் டி சில்வா என்று ஒரு கட்டடக்கலைஞர் இருந்தார், கண்டியில் 1918இல் பிறந்தவர், 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவகத்தில் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண். 1950களின் பிற்பகுதியில் கண்டி வட்டபுளுவவில் அரச ஊழியர்களுக்கு வீட்டுத் திட்டம் ஒன்று செய்யும் வேலை அவரிடம் வந்தது. அந்தக் காலத்தில் வழக்கமில்லாத ஒன்றை அவர் செய்தார். குடியிருக்கப்போகிற குடும்பங்களிடம் வினாக்கொத்துக் கொடுத்து, அவர்களோடு உட்கார்ந்து பேசி, எப்படிச் சமைக்கிறீர்கள், எப்படி வாழ்கிறீர்கள், கையில் எவ்வளவு இருக்கிறது என்றெல்லாம் கேட்டு, அந்தப் பதில்களிலிருந்து ஒன்றல்ல, பல வகை வீட்டு மாதிரிகளை வரைந்தார். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று பல சமூகத்தவரும் அங்கே குடிவந்தார்கள். அவர் கொடுத்ததும் வினாக்கொத்துத்தான், உங்கள் பிள்ளைகள் கொண்டுவருவதும் வினாக்கொத்துத்தான், ஆனால் அவருடைய வினாக்கொத்தின் மறுபக்கத்தில் வீடு இருந்தது.

அதற்கு அரை நூற்றாண்டு கழித்து நம்மூரில் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடலோரத்தில் கட்டக்கூடாத எல்லை என்று ஒன்று போட்டார்கள், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். பிறகு தளர்த்தினார்கள், அது வேறு கதை. வள்ளமும் எஞ்சினும் வலையும் கரையில் கிடக்க, ஆள் மட்டும் உள்ளே போய்ப் படுக்கவேண்டும் என்றால் எந்தக் கடற்றொழிலாளி ஒப்புவான்? தற்காலிகக் கொட்டில்களுக்குத் தகரத்தை அடித்தார்கள், கச்சான் காலத்தில் திருகோணமலையில் தகரக் கொட்டிலுக்குள் மத்தியானம் இருந்து பார்த்தவர்களிடம் கேளுங்கள். நிரந்தர வீடு வந்தபோதும் விறகு அடுப்புக்குப் புகைபோக யோசிக்காத குசினிகள் வந்தன, சனங்கள் பின்னால் ஓலை இறக்கிச் சமைத்தார்கள். அந்த நேரத்தில் உதவிக்கு வந்த வெளிநாட்டுக்காரருக்கு இதெல்லாம் தெரிய நியாயமில்லை. தெரிந்திருக்கவேண்டியவர்கள் இந்த மாகாணத்திலேயே சம்பளம் வாங்கிக்கொண்டு இருந்தார்கள், அவர்களைக் கேட்கவும் இல்லை, அவர்கள் தாங்களாகப் போய்ச் சொல்லவும் இல்லை.

இப்போது கொஞ்சம் கனமான விஷயத்துக்கு வருகிறேன். 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை, அதாவது ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப் போகிற மிதவை, கவிழ்ந்ததை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். பாலத்தைப் புதிதாகக் கட்டுகிற வேலை நடந்துகொண்டிருந்தது, அது முடியும்வரைக்கும் தண்ணீரைக் கடக்க அந்தப் படகுப் பாதைதான் வழி. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் அதில் இருந்தார்கள், செத்தவர்களிலும் கூடுதலானவர்கள் பிள்ளைகள். யார் பொறுப்பு என்பது சட்டத்தின் வேலை, அதைப் பற்றி நான் எழுதவரவில்லை. நான் கேட்பது, பாலத்துக்கு வரைபடம் போட எத்தனையோ பேர் இருக்கிற நாட்டில், பாலம் முடிகிறவரைக்குமான அந்த இடைக்காலத்துக்கு யார் வரைபடம் போடுவது? பெரிய வேலைக்கு எஞ்சினியர் உண்டு, ரெண்டர் உண்டு, மேற்பார்வை உண்டு. இடையில் சனங்கள் எப்படிப் போவார்கள் வருவார்கள் என்பது யாருடைய மேசையிலும் இல்லாத விஷயம்.

பொதுவாகத் தட்டையான மிதவை ஒன்றில் ஆட்கள் நின்றுகொண்டு போனால் பாரம் மேலே ஏறிவிடுகிறது. கரை கிட்ட வர எல்லோரும் இறங்குகிற பக்கத்துக்கு ஒரு அடி எடுத்துவைத்தால் அந்தப் பக்கம் தாழும், தாழத் தாழ நிற்கிறவர்களும் அதே பக்கம்தான் சரிவார்கள். இது தெரிந்தால் இதற்கு ஏற்றமாதிரிச் செய்யலாம். எத்தனை பேர், எந்த இடத்தில் நிற்கவேண்டும், நடுவில் ஒரு தடுப்பு, பிள்ளை உயரத்துக்கும் ஒரு கைபிடி, ஏறும்போதே கையில் கிடைக்கிற மாதிரி உயிர்காப்பு அங்கி. எல்லாவற்றையும் விட மலிவானது ஒரு கோடு. நம்முடைய துறைமுகத்துக்கு வருகிற எந்தச் சரக்குக் கப்பலையும் பாருங்கள், பக்கத்தில் ஒரு வட்டமும் அதைக் குறுக்கே வெட்டுகிற கோடும் இருக்கும். சாமுவேல் பிளிம்சோல் என்ற பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினர் பாரம் மிஞ்சி மூழ்குகிற கப்பல்களுக்கு எதிராகச் சண்டை பிடித்து 1876இல் சட்டமாக்க வைத்தது அது. கோடு தண்ணீருக்குள் மறைந்தால் அதற்கு மேல் ஏற்றக்கூடாது, அவ்வளவுதான். வாசிக்கத் தெரியாதவருக்கும் புரியும், பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும், ஒரு தகரப் பெயின்ற் செலவு. ஒரு மாவட்டத்தின் எல்லாத் துறைகளிலும் ஓடுகிற மிதவைகள், பாதைகள், வள்ளங்கள் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு தாங்கும் என்று அளந்து அந்தக் கோட்டைப் போடுவது ஒரு வகுப்பு மாணவர்களுக்கு ஒரு அரையாண்டு வேலை. அதற்குப் பட்டம் கொடுத்தால் என்ன? 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வெள்ளம் வந்து மூதூர், வெருகல் பக்கம் வீதிகள் அறுபட்டு சனங்கள் மறுபடி கிடைத்த படகில் ஏறியபோது எனக்கு அந்தக் கோடுதான் ஞாபகத்துக்கு வந்தது.

பட்டறைக்காரனுக்குப் பல்கலைக்கழகத்தோடு என்ன பேச்சு என்று யாராவது நினைத்தால், ஜெய்ப்பூர்க் கால் என்கிற செயற்கைக் காலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1960களின் கடைசியில் இந்தியாவில் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் வைத்தியசாலையில் பிரமோத் கரண் சேத்தி எலும்பு வைத்தியர், ராம் சந்திர சர்மா அங்கே நோயாளிகளுக்குக் கைவேலை பழக்க வந்த கைவினைஞர், பெரிய படிப்புப் படித்தவர் இல்லை. அப்போதிருந்த வெளிநாட்டுச் செயற்கைக் கால் சப்பாத்துப் போட்டு நாற்காலியில் இருக்கிற ஆளுக்குச் செய்தது, நிலத்தில் சம்மணம் கட்டி இருக்க, குந்தி எழும்ப, வயல் சேற்றில் வெறுங்காலோடு நடக்க அது ஒத்துவராது. வாங்கிப் போனவர்கள் கழற்றி மூலையில் வைத்துவிட்டுத் திரும்ப ஊன்றுகோலை எடுத்தார்கள். பழைய லொறி ரயருக்குப் புது றப்பர் ஏற்றுகிற கடையில் நின்றபோதுதான் சர்மாவுக்கு றப்பர்க் கால் யோசனை வந்தது என்று சொல்வார்கள். சேத்திக்கு உடலின் கணக்குத் தெரியும், சர்மாவுக்குப் பொருளின் குணம் தெரியும், இரண்டு பேரும் ஒரே அறையில் வருடக்கணக்காகச் செய்து உடைத்துச் செய்தார்கள். சேத்திக்கு 1981இல் ரமோன் மகசேசே விருது கிடைத்தது. யுத்தத்தில் கால் போன நம் ஆட்களில் எத்தனையோ பேர் இன்றைக்கும் அந்தக் காலில்தான் நடக்கிறார்கள், யாழ்ப்பாணத்தில் அதே பெயரில் ஒரு நிலையமே இருக்கிறது. (விருது பட்டியலில் சர்மாவின் பெயர் இல்லை. அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்த மடல் முடியாது.)

நம் பக்கத்தில் அதே மாதிரி அறை எங்கே இருக்கிறது? நன்கொடையாக வருகிற சக்கர நாற்காலிகளில் முன்சில்லு சின்னது, ஆஸ்பத்திரித் தரையில் ஓடுவதற்குச் செய்தது. நிலாவெளி மணல் ஒழுங்கையில் பத்தடி போனால் புதைந்து நிற்கும், பின்னால் தள்ளுகிறவர் நாற்காலியைப் பின்பக்கம் சரித்து இரண்டு சில்லில் இழுக்கிறார். முன்னுக்கு அகலமான காற்றுச் சில்லு ஒன்று போட்டால் போதும், நான் சிலருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். ஆனால் எவ்வளவு அகலம், எவ்வளவு முன்னால், சரிவில் கவிழாமல் இருக்கிறதா என்று அளந்து பார்த்து, மற்ற ஊர்ப் பட்டறைக்காரரும் செய்கிற மாதிரி ஒரு தாளில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தர ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள். எனக்கு அது வராது, அதற்கு நேரமும் இல்லை.

வேறு எத்தனையோ கிடக்கிறது. பஸ் தரிப்பிடம் என்று பளபளவென்று கட்டுகிறார்கள், பின்னேர வெயில் நேரே உள்ளே விழுகிறது, இரும்பு ஆசனம் சுடுகிறது, சனங்கள் பக்கத்து வேப்ப மரத்தடியில் நிற்கிறார்கள். மரத்தடியில் நிற்கிறவர்களைப் பார்த்த பிறகும் அடுத்த தரிப்பிடத்தை அதே மாதிரித்தான் கட்டுகிறார்கள். பிறகு நம் மான்கள். கோட்டைக்குள்ளும் நகரத்திலும் திரிகிற புள்ளி மான்கள் குப்பையில் சோற்றுப் பார்சலோடு பொலித்தீனையும் சேர்த்துத் தின்று சாகின்றன. சோறு சுற்றுகிற பொலித்தீன் தாளான லஞ்ச் சீற்றை 2017 செப்டெம்பர் 1 முதல் தடைசெய்தது அரசாங்கம். சட்டம் வந்தது, ஆனால் சூடான சோறும் குழம்பும் ஒழுகாமல் சுற்ற, சாப்பாட்டுக் கடைக்காரருக்குக் கட்டுப்படியாகிற விலையில் வேறு ஒன்று கையில் வரவில்லை. தடை போடுவது அரசாங்கத்தின் வேலை என்றால் மாற்றுப் பொருளைக் கண்டுபிடிப்பது யாருடைய வேலை?

எங்களிடம் வடிவமைப்புப் பீடம் இல்லையே என்று சொல்வீர்கள். தெரியும், வடிவமைப்புப் பட்டம் படிக்கவேண்டும் என்றால் இங்கேயிருந்து பிள்ளை மொறட்டுவைக்குப் போகவேண்டும், அதற்கு நுழைவுச் சோதனை, போனால் ஆங்கில மொழி மூலம். ஆனால் உங்களிடம் இருப்பதை ஒருமுறை சேர்த்துப் பாருங்கள். கோணேசபுரி வளாகத்தில் கணினி இருக்கிறது, வணிக முகாமைத்துவம் இருக்கிறது, மொழியும் தொடர்பாடலும் இருக்கிறது, சித்த வைத்தியம் இருக்கிறது. மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கீறவும் செதுக்கவும் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒலுவிலில் பொறியியல் பீடம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சாதாரண தரத்திலேயே வடிவமைப்பும் நிர்மாணத் தொழினுட்பவியலும் என்று ஒரு பாடம் இருக்கிறது, 2013இலிருந்து உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவும் இருக்கிறது. எல்லாம் தனித்தனிக் கட்டடத்தில், தனித்தனி நேரசூசியில் இருக்கிறது, ஒரே பிரச்சினைக்கு முன்னால் ஒரே மேசையில் உட்காருவதில்லை. புதுப் பீடம் கட்ட வருடக்கணக்காகும், கட்டினாலும் ஊருக்கு வெளியே மதில் போட்டுத்தான் கட்டுவீர்கள். நான் கேட்பது நகரத்துக்குள், சந்தைக்கோ பஸ் நிலையத்துக்கோ நடந்து வருகிற தூரத்தில் ஒரு அறை. ஒரு மேசை, ஒரு வைஸ், ஒரு துளை போடுகிற மெசின், ஒரு கரும்பலகை. யாரும் உள்ளே வந்து என் பிரச்சினை இது என்று சொல்லக்கூடிய அறை. அங்கே வந்து சொல்கிற அம்மாவுக்குப் படிவம் நிரப்பச் சொல்லிக் கொடுக்காதீர்கள், தயவு செய்து.

அறையை விட முக்கியம் புள்ளி. ஒரு அணி எடுத்த பிரச்சினையை அடுத்த அணி கையேற்கட்டும். இப்போது ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு பிள்ளையும் புதுத் தலைப்புத் தேடுகிறது, ஏற்கெனவே செய்ததைச் செய்தால் புதுமை இல்லை என்று மேற்பார்வையாளர் திருப்பி அனுப்புகிறார். போன வருடத்துத் தட்டியில் எது பிழைத்தது என்று கண்டுபிடித்துத் திருத்துகிறவனுக்கு, புதிதாகத் தட்டி வரைகிறவனை விடக் கூடப் புள்ளி கொடுங்கள். மதிப்பிடுகிற இடத்தில் அந்தக் கருவாட்டு அம்மாவும், கிண்ணியாவில் தோணி ஓட்டுகிற காக்காவும் உட்காரட்டும், அந்த நாள் உழைப்பு போகிறது என்பதால் அதற்குக் கூலி கொடுங்கள், நன்றிக் கடிதம் போதாது. விரிவுரையாளர்களுக்கும் ஒன்று. உங்கள் பதவி உயர்வு சஞ்சிகைக் கட்டுரையில் தங்கியிருக்கிறது என்று எனக்குப் பல சேர்மார் சொல்லிவிட்டார்கள், அந்தச் சுற்றறிக்கையை மாற்றுவது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையில் இருக்கிறது, உங்கள் கையில் இல்லை என்பதும் தெரியும். ஆனால் மூதவை ஒன்றாகச் சேர்ந்து எழுதிக் கேட்டால் கேட்காமல் விடுவார்களா? கேட்டுப் பார்க்காமலே முடியாது என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

காசு இல்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன், 2022க்குப் பிறகு யாரிடமும் இல்லை. ஆனால் இந்தக் கல்வி 1945இலிருந்து இலவசம் என்றால் அது சும்மா வந்ததல்ல, கருவாடு விற்கிறவர் வாங்குகிற சவர்க்காரத்திலும் நெருப்புப் பெட்டியிலும் போகிற வரிதான் அது. மாதிரி செய்ய முதல் நாள் பின்னேரம் ஓடிவருகிற பிள்ளைகளுக்கு நாங்கள் வெட்டி ஒட்டிக் கொடுக்கிற இரும்புக்கே ஒவ்வொரு வருடமும் ஒரு தொகை போகிறது. அந்த மாதிரிகளைப் புள்ளி போட்ட அடுத்த நாள் எங்கே எறிகிறீர்கள் என்றும் எனக்குத் தெரியும், பழைய இரும்புக்காரர் என் கூட்டாளி. அதே காசை முதல் வாரத்தில் செலவழிக்கலாம்.

யாராவது இதை வாசித்துவிட்டு வர நினைத்தால் மாசிக்குள் வாருங்கள், சித்திரை கழிந்து மீன் விழத் தொடங்கினால் கரையில் ஒருவருக்கும் பேச நேரம் இருக்காது. கிண்ணியா, மூதூர் பக்கம் வெள்ளி மத்தியானத்தில் போகவேண்டாம், ஜும்ஆ நேரம். கருவாட்டுத் தட்டி ஒன்று செய்து பட்டறை வாசலில் நிறுத்தியிருக்கிறேன். கால் சரி, வலை சரி, உயரமும் சரி. படங்கை மழைக்கு மூட இப்போது இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று இழுக்கவேண்டியிருக்கிறது, காற்று அடித்தால் மூன்று பேர். தனியாக நிற்கிற ஒரு பெண் ஒரு பக்கத்திலிருந்தே இழுத்து மூட வழி வேண்டும். கப்பி வைக்கலாமா, ஓரத்தில் குழாய் வைத்துச் சுருட்டலாமா என்று எனக்கு இரண்டு யோசனை இருக்கிறது, இரண்டிலும் உப்புக் காற்று பிரச்சினை. முதல் வேலையாக அதை எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வெல்டிங் பட்டறைக்காரன்,
திருகோணமலை